நல்லிணக்க விருதுக்கு ஒரு பரிந்துரை

தமிழ்நாடு அரசு ஒவ்வொரு குடியரசு நாளன்றும் கோட்டை அமீர் பெயரில் மத நல்லிணக்க விருது வழங்குகிறது. அடுத்த விருதை ஒரு பலகைக்குக் கொடுக்கும்படி பணிவோடு பரிந்துரைக்கிறேன். சார்பதிவாளர் அலுவலகச் சுவரில், வில்லங்கச் சான்றுக்கான கட்டண விவரத்துக்கும் லஞ்ச ஒழிப்புத் துறையின் தொலைபேசி எண்ணுக்கும் நடுவே தொங்குகிறதே, அந்த நோட்டீஸ் போர்டுக்கு. நவகாளியில் ஊர் ஊராக நடந்தும் காந்தியால் முடியாத ஒற்றுமையை, ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டே அது சாதித்திருக்கிறது.

பசு, பாங்கு, பள்ளிவாசலைத் தாண்டும்போது மேளம் அடிக்கலாமா கூடாதா, பிள்ளையார் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது, திப்பு சுல்தான் நல்லவரா கெட்டவரா என எதிலும் ஒத்துப்போகாத இரண்டு மதத்துக் காவலர்களும் அந்தப் பலகைக்கு முன்னால் மட்டும் ஒரே காகிதத்தை ஒரே கவலையோடு படிக்கிறார்கள். காகிதத்தில் இருப்பது ஒரு பெண்ணின் பெயரும் ஒரு பையனின் பெயரும். ஒன்று இந்தப் பக்கத்துப் பெயர், இன்னொன்று அந்தப் பக்கத்துப் பெயர். உடனே இருவர் கையிலும் மொபைல் ஏறுகிறது. ஒருவர் படம் எடுக்கும்போது மற்றவர் வெளிச்சத்தை மறைக்காமல் ஒதுங்கி நிற்கிறார். இவ்வளவு நாகரிகத்தை ரேஷன் கடை வரிசையில்கூடப் பார்க்க முடியாது.

இது என் கற்பனைக் கொழுப்பு என்று நினைப்பவர்களுக்காக: பியூ ஆய்வு மையம் 2021இல் இந்தியர்களின் மத மனப்பான்மை பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. தங்கள் பெண்கள் மதம் தாண்டி மணப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்று சொன்னவர்கள் இந்துக்களில் 67 சதவீதம், முஸ்லிம்களில் 80 சதவீதம். இந்த நாட்டில் எந்தக் கட்சிக்கும் எந்த மக்களவைத் தேர்தலிலும் இத்தனை சதவீத ஓட்டு கிடைத்ததில்லை. அதே ஆய்வில், மணமானவர்களில் கிட்டத்தட்ட 99 சதவீதம் பேர் தங்கள் மதத்துக்குள்ளேயே மணந்திருந்தார்கள். ஆக, நூற்றில் ஒருவர் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள 99 பேர் கம்பும் கையுமாக நிற்கிறார்கள். எல்லைப் பாதுகாப்புப் படைக்கே இத்தனை ஆள்பலம் கிடையாது.

இனி பலகையின் பூர்வீகம். 1872இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சிறப்புத் திருமணச் சட்டம், கேசவ சந்திர சென்னின் பிரம்ம சமாஜத்தார் கேட்டு வாங்கியது. அதன்படி மணக்க விரும்புகிறவர் தான் இந்துவும் இல்லை, முஸ்லிமும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காதலியைக் கைப்பிடிக்கக் கடவுளைக் கைவிட வேண்டும். சுதந்திர இந்தியா 1954இல் புதிய சட்டம் எழுதி அந்த அவமானத்தைத் துடைத்தது. யாரும் மதம் மாற வேண்டாம், யாரும் மதத்தைத் துறக்கவும் வேண்டாம், இருவர் விரும்பினால் போதும். எவ்வளவு பெரிய மனசு! பழைய சட்டத்தின் நோட்டீஸை மட்டும் கைவிட மனம் வரவில்லை.

5ஆம் பிரிவின்படி மணமக்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். பிறகு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பெயர், வயது, தொழில், தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி எல்லாம் அதில் இருக்கும். அதை அதிகாரி தன் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். 30 நாள் காத்திருக்க வேண்டும். எவர் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், பஜ்ரங் தளத்தின் வட்டச் செயலாளர், ஜமாஅத் தலைவர், அன்றைக்கு வேறு வேலை இல்லாத யாரோ. ஆட்சேபத்துக்கான காரணங்கள் நான்கே நான்குதான்: ஏற்கெனவே ஒரு துணை உயிரோடு இருப்பது, மனநிலை, வயது, தடுக்கப்பட்ட உறவுமுறை. பொய் ஆட்சேபம் என்று தெரிந்தால் அதிகாரி 1,000 ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்கலாம். 1954இல் அது ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவு. இன்றைக்குப் பத்து பைக்கில் இருபது பேர் கொடி கட்டி வந்து போகும் பெட்ரோலுக்குப் போதாது.

இவ்வளவும் நடந்து, விசாரணை இழுத்து, மூன்று மாதத்துக்குள் திருமணம் முடியவில்லை என்றால் நோட்டீஸ் காலாவதி. மறுபடியும் முதலிலிருந்து.

ஆனால் இந்தச் சட்டத்தின் உண்மையான மேதைமை 6ஆம் பிரிவின் ஓரத்தில் ஒளிந்திருக்கிறது. நோட்டீஸ் கொடுத்தவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால், அதன் நகலை அந்த மாவட்டத்து அதிகாரிக்கும் அனுப்பி, அங்கேயும் ஒட்ட வேண்டும். யோசித்துப் பாருங்கள். அண்ணன் அரிவாளோடு தேடுகிறான் என்றுதான் ஒரு பெண் பத்து மாவட்டம் தாண்டி ஓடி வருகிறாள். அரசாங்கம் தன் செலவில், தன் முத்திரையோடு, அவள் எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள், எந்தத் தேதிக்குப் பிறகு எந்த அலுவலகத்துக்கு வருவாள் என்பதையெல்லாம் அண்ணனின் ஊரில் ஒட்டி வைக்கிறது. ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க ஆறு மாதம் அலைய விடும் அரசாங்கம், இந்த ஒரு தபாலை மட்டும் தவறாமல் சேர்ப்பித்துவிடுகிறது.

கேரள அரசு ஒரு படி முன்னே போய் இந்த நோட்டீஸ்களை இணையதளத்திலேயே ஏற்றிக்கொண்டிருந்தது. படிப்பறிவு மிகுந்த மாநிலம் அல்லவா, தொண்டர்கள் பஸ் ஏறி வந்து சிரமப்பட வேண்டாம் என்ற கருணை. நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைத் தரவிறக்கி, முகவரியோடு வாட்ஸ்அப்பில் சுற்றவிட்ட பிறகுதான் 2020 ஜூலையில் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். பலகை அப்படியே இருக்கிறது.

நம் தமிழ்ப் படங்களில் நாலு நண்பர்கள், ஒரு வேன், ரெண்டு மாலை, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் ஒரு சண்டை, கையெழுத்து, கட். இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 30 நாள் கதை புரியாது. அந்தக் கதாநாயகன் கூட்டிவந்த பெண் அவன் மதத்துக்காரி. கோயிலில் தாலி கட்டிவிட்டு இந்து திருமணச் சட்டத்தில் பதிவுசெய்ய எந்தப் பலகையும் குறுக்கே வராது. அவளே ஷைலா பானுவாக இருந்தால் என்ன ஆகும் என்று 1995இல் மணிரத்னம் ‘பம்பாய்’ எடுத்துக் காட்டினார். பால் தாக்கரேவுக்குத் தனியாகப் போட்டுக் காட்டி வெட்டு வாங்க வேண்டியிருந்தது. முஸ்லிம் பெண் இந்துப் பையனை மணப்பதாவது என்று முஸ்லிம் அமைப்புகள் கொதித்தன. சென்னையில் இயக்குநரின் வீட்டில் வெடிகுண்டு விழுந்தது. கற்பனைக் கல்யாணத்துக்கே இவ்வளவு சீர்வரிசை.

அசல் கல்யாணத்துக்கு வருவோம். மதம் மாறாமல் மணந்தால் 30 நாள் பலகை. இருவரில் ஒருவர் மதம் மாறிவிட்டால் நிக்காஹோ ஆரிய சமாஜத் திருமணமோ ஒரே நாளில் முடிந்துவிடும். கலிமா சொன்ன பல பையன்களும், நெருப்பைச் சுற்றி வந்த பல பெண்களும் இறைவன்மேல் திடீரென்று பொங்கிய பிரியத்தால் அதைச் செய்யவில்லை. சுவரில் தொங்கும் அந்தக் காகிதத்தின்மேல் இருந்த பயத்தால் செய்தார்கள். அரசாங்கம்தான் அவர்களை மதமாற்றத்தை நோக்கித் துரத்தியது. கட்டாய மதமாற்றம் எங்கே நடக்கிறது என்று தேடுகிறவர்கள் முதல் குற்றவாளியாகச் சேர்க்க வேண்டியது 6ஆம் பிரிவை.

உத்தரப் பிரதேச அரசும் இதைக் கண்டுபிடித்தது. பலகையைக் கழற்றியிருக்கும் என்று நினைப்பீர்கள். 2020 அக்டோபர் கடைசியில் ஜான்பூர் கூட்டத்தில் முதலமைச்சர் யோகி ஆதித்யநாத், பெயரை மறைத்துச் சகோதரிகளின் மானத்தோடு விளையாடுகிறவர்களுக்கு இறுதி ஊர்வலம் கிளம்பும் என்று எச்சரித்தார். அடுத்த மாதமே அவசரச் சட்டம் வந்தது. மதம் மாற வேண்டுமானால் 60 நாள் முன்பே மாவட்ட ஆட்சியருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், போலீஸ் விசாரிக்கும். மாறிய பிறகும் எழுதிக் கொடுக்க வேண்டும், அதையும் ஒட்டுவார்கள். குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில். 2024 திருத்தத்தில் தண்டனை ஆயுள்வரை போகிறது, சம்பந்தமில்லாத எவரும் புகார் கொடுக்கலாம். ஒரு வாசலில் பலகை, மறு வாசலில் சிறை. நடுவில் நிற்கும் இரண்டு பேரிடம், உங்களுக்கு 21ஆம் உறுப்பின்படி முழுச் சுதந்திரம் இருக்கிறது, போய் வாருங்கள் என்கிறது அரசியல் சட்டம்.

இத்தனைக்கும் 2020 பிப்ரவரியில்தான் மத்திய உள்துறை இணை அமைச்சர் மக்களவையில் பதில் சொல்லியிருந்தார்: லவ் ஜிகாத் என்பதற்கு நடைமுறையில் உள்ள எந்தச் சட்டத்திலும் வரையறை இல்லை, மத்திய அமைப்புகள் எதுவும் அப்படி ஒரு வழக்கைத் தெரிவிக்கவில்லை. டெல்லி இல்லை என்று சொன்ன குற்றத்துக்கு லக்னோ, போபால், காந்திநகர், சண்டிகர் என்று வரிசையாகத் தண்டனை எழுதினார்கள். குற்றத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

தேடினார்கள். 2020 டிசம்பரில் லக்னோவின் பாரா பகுதியில், இரு வீட்டாரும் சம்மதித்து, இரு முறைப்படியும் நடத்தவிருந்த கல்யாணத்தைப் போலீஸ் போய் நிறுத்தியது. சட்டத்தின் நகலைக் கையில் கொடுத்து, ஆட்சியரிடம் அனுமதி வாங்கி வாருங்கள் என்றார்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஆட்சேபமில்லை, பையனைப் பெற்றவர்களுக்கு ஆட்சேபமில்லை. சப்-இன்ஸ்பெக்டருக்கு இருந்தது. அதே மாதம் குஷிநகரில் ஒரு முஸ்லிம் பையன் இந்துப் பெண்ணை மதம் மாற்றி மணக்கிறான் என்று யாரோ போன் போட, போலீஸ் நிக்காஹ் பந்தலிலிருந்து இருவரையும் தூக்கிக்கொண்டு போய் இரவு முழுக்க ஸ்டேஷனில் வைத்தது. மறுநாள் பெண்ணின் அண்ணன் வந்து சொன்ன பிறகுதான் விளங்கியது, பெண்ணும் முஸ்லிம்தான். தன்னை பெல்ட்டால் அடித்ததாக மாப்பிள்ளை சொன்னார். போலீஸ் மறுத்தது. நம் சட்டம் ஒழுங்கின் திறமையைப் பாருங்கள்: முஸ்லிமும் முஸ்லிமும் மணந்தால்கூடக் கலப்புத் திருமணம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இதற்கு மேல் சிரிக்க முடியாது. அதே மாதம் மொராதாபாத்தில் திருமணத்தைப் பதிவு செய்யப் போன ஒரு ஜோடியை பஜ்ரங் தளத்தார் மறித்துப் போலீஸிடம் ஒப்படைத்தார்கள். நான் வயது வந்தவள், என் விருப்பத்தில் மணந்தேன் என்று அந்தப் பெண் கேமராவுக்கு முன்னால் திரும்பத் திரும்பச் சொன்னாள். கணவனைச் சிறைக்கும் அவளை அரசுக் காப்பகத்துக்கும் அனுப்பினார்கள். அவள் கர்ப்பமாக இருந்தாள். காப்பகத்தில் தன் கரு கலைந்துபோனதாக வெளியே வந்து சொன்னாள். ஆதாரம் இல்லை என்று கணவனை விட்டுவிட்டார்கள். அவளைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம் வந்தது என்பதை அவளிடம் யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இந்த இடத்தில் சில பாய்மார்கள் பலமாகக் கைதட்டத் தொடங்கியிருப்பார்கள். கொஞ்சம் பொறுக்கவும்.

2021 ஆகஸ்டில் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் ஓர் அறிக்கை விட்டது. முஸ்லிமல்லாதவரை மணப்பது ஷரீஅத்தில் செல்லாது, சட்டம் அனுமதித்தாலும் செல்லாது. பெற்றோர் பிள்ளைகளின் மொபைலைக் கண்காணிக்க வேண்டும். பெண் பிள்ளைகளை முடிந்தவரை ஆண்களோடு சேர்ந்து படிக்கும் பள்ளிகளுக்கு அனுப்பாதீர்கள். காலாகாலத்தில் கட்டிக் கொடுத்துவிடுங்கள். இதுவரை எதிர்பார்த்ததுதான். அடுத்ததில்தான் எனக்குப் புல்லரித்தது. பதிவு அலுவலகங்களுக்கு வெளியே மணமக்களின் பெயர்ப் பட்டியல் ஒட்டப்படுகிறது அல்லவா, மத அமைப்புகளும் மதரஸா ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் அதைப் பார்த்து அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் புத்தி சொல்ல வேண்டுமாம்.

அதே பலகை. அதே 6ஆம் பிரிவு. முத்தலாக் சட்டத்தை ஷரீஅத்தில் கை வைக்காதே என்று எதிர்த்தவர்களுக்கு, பொது சிவில் சட்டம் என்றாலே காய்ச்சல் வருகிறவர்களுக்கு, மதச்சார்பற்ற நாடாளுமன்றம் 1954இல் இயற்றிய இந்த ஒரு சட்டத்தில் இந்த ஒரு பிரிவு மட்டும் இனிக்கிறது. காவிக்கொடிக்காரர் காலையில் படம் எடுத்துப் போன நோட்டீஸை ஹஜ்ரத் மாலையில் வந்து குறித்துக்கொள்கிறார். ஷிஃப்ட் முறை.

இங்கே நம் ஊர் ஜமாஅத்துகள் சிலவற்றின் கணக்கையும் பார்த்துவிடுவோம். மகன் ஓர் இந்துப் பெண்ணைக் கூட்டிவந்து கலிமா சொல்ல வைத்தால் அது ஹிதாயத்து, அல்லாஹ் காட்டிய நேர்வழி. பெயர் மாற்றி, தஃப்தரில் எழுதி, பிரியாணி போடலாம். மகள் ஓர் இந்துப் பையனோடு போனால் அது ஃபித்னா, சமுதாயத்துக்கு வந்த கேடு. அத்தாவுக்கு ஊர்விலக்கு. தங்கை நிக்காஹுக்கு ஜமாஅத் கடிதம் கிடைக்காது. மையத்து விழுந்தால் கபர்ஸ்தானில் இடம் உண்டா என்று யோசிக்க வேண்டியிருக்கும் என்று சாடையாகச் சொல்வார்கள். செத்தவரை வைத்து உயிரோடு இருப்பவரை மிரட்டுவதில் எம்மதமும் சம்மதம்.

கொள்வினை உண்டு, கொடுப்பினை இல்லை. இதுதான் இரு தரப்பின் ஷரீஅத்தும் தர்மமும். உத்தரப் பிரதேசத்தில் சில இந்து அமைப்புகள் ‘மகளைக் காப்போம், மருமகளைக் கொண்டுவருவோம்’ என்று இயக்கமே நடத்தின. நம் பெண் அங்கே போனால் ஜிகாத், அவர்கள் பெண் இங்கே வந்தால் வீடு திரும்பல். அந்தப் பக்கம் வேதம் அருளப்பட்ட சமூகத்துப் பெண்ணை ஆண் மணக்கலாம், பெண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை என்று ஃபிக்ஹு நூல்களை விரித்துக் காட்டுவார்கள். பெண் என்பவள் எண்ணிக்கையில் ஒன்று. வந்தால் வரவு, போனால் செலவு. அவளுக்கு வாய் இருக்கிறது என்பதைக் கணக்கப்பிள்ளைகள் இருவருமே பேரேட்டில் எழுத மறந்துவிட்டார்கள்.

மேல்மட்டத்துக்கு இந்தப் பேரேடு செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாரதிய ஜனதா கட்சியின் முன்னாள் மத்திய அமைச்சர்கள் முக்தார் அப்பாஸ் நக்வி, ஷாநவாஸ் ஹுசைன் இருவரின் மனைவியரும் இந்துக் குடும்பங்களில் பிறந்தவர்கள். நல்லபடியாக வாழட்டும். டெல்லியில் அது காதல். மொராதாபாத்தில் அதுவே சதி. சொந்த கார் இருந்தால் காதல், பஸ்ஸில் வந்தால் ஜிகாத் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால் போலீஸுக்கும் வேலை சுலபமாகும்.

2020 அக்டோபரில் தனிஷ்க் நகைக்கடை ஒரு விளம்பரம் எடுத்தது. முஸ்லிம் மாமியார், இந்து மருமகளுக்கு அவள் வீட்டு வழக்கப்படி வளைகாப்பு நடத்துகிறார். அவ்வளவுதான் கதை. மாமியார் மருமகளிடம் அன்பாக இருப்பதா என்று நாடே பொங்கி எழுந்தது. விளம்பரத்தைத் திரும்பப் பெற்றார்கள். குஜராத்தின் காந்திதாம் கடை வாசலில் மன்னிப்புக் கடிதம் ஒட்ட வேண்டியிருந்தது. தனிஷ்க்கை நடத்தும் டைட்டன் நிறுவனத்தின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று தமிழ்நாடு அரசின் டிட்கோ. சமூகநீதி மண்ணின் முதலீடும் சேர்ந்துதான் அன்று தலைகுனிந்தது. இங்கே ஒருவரும் மூச்சுவிட்டதாக எனக்கு நினைவில்லை.

நீதிமன்றங்களைப் பற்றி மரியாதையோடு சில வார்த்தைகள். 2017இல் கேரள உயர் நீதிமன்றம் மதம் மாறி மணந்த 24 வயது மருத்துவ மாணவி ஒருவரின் திருமணத்தை ரத்து செய்து, பெற்றோர் பொறுப்பில் விட்டது. ஓட்டுப் போடலாம், நோயாளிக்கு மருந்து எழுதலாம், மாப்பிள்ளையை மட்டும் அப்பாவைக் கேட்டுத்தான். பிறகு தேசியப் புலனாய்வு முகமை ஒரு கல்யாணத்தைத் துப்புத் துலக்கக் கிளம்பியது. அவர் மாதக்கணக்கில் வீட்டுக்காவலில் கிடந்த பிறகு 2018 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருமணத்தை மீட்டுக் கொடுத்தது. மகளிர் தினப் பரிசு போலும். 2024 மே மாதம் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் ஒரு ஜோடி, நாங்கள் மதம் மாறவில்லை, சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்கிறோம், பாதுகாப்பு மட்டும் கொடுங்கள் என்று நின்றது. முஸ்லிம் தனிநபர் சட்டப்படி இந்தத் திருமணம் முறையானதல்ல என்று சொல்லிப் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. ஷரீஅத் நீதிமன்றம் வேண்டாம் என்று முழங்கும் நாட்டில், அரசு நீதிமன்றமே இலவசமாக ஃபத்வா கொடுத்துவிடும்போது தனியாக ஒன்று எதற்கு?

அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் ஒற்றை நீதிபதி ஒருவர் மட்டும் 2021 ஜனவரியில், மணமக்கள் கேட்டாலொழிய நோட்டீஸ் ஒட்ட வேண்டாம் என்று தீர்ப்பளித்தார். அத்தனை இருட்டிலும் அதே உத்தரப் பிரதேசத்திலிருந்தே வந்த தீர்ப்பு. 2022இல் உச்ச நீதிமன்றத்துக்கு, இந்த நோட்டீஸ் பிரிவே செல்லாது என்று ஒரு பெண் மனு கொண்டுபோனார். உங்களுக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே, இனி நீங்கள் பாதிக்கப்பட்டவர் இல்லை என்று தள்ளுபடி செய்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மனுப் போட்டால் பெயர் ஊர் முழுக்கத் தெரியும். கல்யாணத்துக்குப் பின்னால் போட்டால் பாதிப்பு இல்லை. மனுப் போடத் தகுதியான ஒரே தருணம் மாலை மாற்றுகிற அந்த அரை நிமிடம்தான். வக்கீல் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

சில பேருக்கு அந்த அரை நிமிடமும் கிடைக்கவில்லை. 2007இல் கொல்கத்தாவில், பணக்கார இந்து வீட்டுப் பெண்ணை மணந்த முஸ்லிம் பையன், போலீஸ் தலைமையகத்துக்கே கூப்பிட்டுப் பிரித்த பிறகு, ரயில் தண்டவாளத்தில் கிடந்தான். 2021இல் பெலகாவியில் இந்துப் பெண்ணைக் காதலித்த முஸ்லிம் பையன் தண்டவாளத்தில் கிடந்தான். பெண்ணின் பெற்றோரையும் ஓர் இந்து அமைப்பைச் சேர்ந்தவர்களையும் கைது செய்தார்கள். 2018இல் டெல்லியில் முஸ்லிம் பெண்ணைக் காதலித்த 23 வயது இந்துப் பையனை, பெண்ணின் வீட்டார் நடுத்தெருவில் கழுத்தறுத்தார்கள். 2022இல் ஹைதராபாத் சரூர்நகரில் முஸ்லிம் பெண்ணை மணந்த தலித் பையனை, ஊர் பார்க்க, மனைவி கதறக் கதற அடித்துக் கொன்றார்கள். கைதானவர்களில் அவளுடைய அண்ணனும் ஒருவன். சாதி தாண்டிய காதலுக்காகத் தண்டவாளத்தில் பையன்கள் கிடந்த தர்மபுரியையும் நாமக்கல்லையும் வைத்திருக்கும் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

டெல்லிப் பையனின் அப்பா, இதற்கு மதச்சாயம் பூசாதீர்கள் என்று வாசலுக்கு வந்த கட்சிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். அந்த ஆண்டு ரமலானில் மகன் நினைவாக இஃப்தார் விருந்து வைத்தார். ஒற்றை மகனைப் பறிகொடுத்தவருக்கு இருந்த நிதானம், எதையும் பறிகொடுக்காத நம் காவலர்களுக்கு இல்லை. அவர்களுக்கு இந்தப் பிணங்களில் பாதி மட்டும்தான் கண்ணில் படும். முதல் இரண்டைச் சொன்னால் ஒருவர் பின்னிரண்டைக் காட்டுவார். பின்னிரண்டைச் சொன்னால் மற்றவர் முன்னிரண்டைக் காட்டுவார். நான்கையும் சேர்த்துச் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து உங்கள் வீட்டுக்கு வருவார்கள். நல்லிணக்கம் என்று சும்மாவா சொன்னேன்.

இதெல்லாம் வடக்கே நடக்கிற சமாச்சாரம் என்று நாம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டாம். 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் போட்டு, 2004 தேர்தலில் அடி விழுந்த பிறகு வாபஸ் வாங்கிய மாநிலம் இது. 1967இல் அண்ணா கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் நம் பெருமை. புரோகிதர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், மாலை மாற்றிக்கொண்டு ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். ஆனால் அந்த 7ஏ பிரிவு இந்து திருமணச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு இந்துக்களுக்கு இடையில் மட்டும் செல்லும். கண்ணனும் கதீஜாவும் பெரியார் படத்துக்குக் கீழே நின்று, மந்திரி தலைமையில், ஆயிரம் பேர் கைதட்ட மாலை மாற்றினாலும் சட்டப்படி அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கடவுள் இல்லை என்று முழங்கும் மேடையில் மணக்கவும் நீ இந்துவாக இருக்க வேண்டும். இந்த நகைச்சுவையை அரை நூற்றாண்டாக எந்த ஆட்சியும் திருத்தவில்லை. மேடை முடிந்ததும் கண்ணனும் கதீஜாவும் மரத்தடிப் பத்திர எழுத்தரிடம் படிவம் வாங்கிக்கொண்டு, அதே பலகைக்கு முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். உள்ளே இருக்கும் அலுவலர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாம்மா” என்பார். சட்டத்தில் எங்கே சார் இருக்கு என்று அவள் கேட்டால், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அப்பாவின் போன் நம்பரைத் தேடுவார்.

பலகையைக் கழற்றுங்கள் என்று கேட்கும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. விருதுக்குப் பரிந்துரைத்தவனே கழற்றச் சொல்வது நியாயமும் இல்லை. ஒரே ஒரு சிறு திருத்தம் போதும். ஆட்சேபம் தெரிவிக்க வருகிறவரும் ஒரு படிவம் நிரப்பட்டும். பெயர், வயது, தொழில், நிரந்தர முகவரி, ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம். தன் கல்யாணத்தில் மனைவியின் சம்மதத்தை எந்தத் தேதியில், யார் முன்னிலையில் கேட்டார் என்ற விவரம். வாங்கிய நகை எத்தனை பவுன், ரொக்கம் எவ்வளவு, மஹர் சொன்னது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு. அதையும் அதே பலகையில் 30 நாள் ஒட்ட வேண்டும். நகல் ஒன்று மாமனார் ஊர் சார்பதிவாளருக்குப் போக வேண்டும். எவர் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம், நிரூபிக்கும் பாரம் அவர் தலையில். மூன்று சாட்சிகள் தேவை. மனைவியின் கையெழுத்து இல்லாத படிவங்கள் ஏற்கப்பட மாட்டா. கணவர் பக்கத்தில் நின்றுகொண்டு வாங்கிய கையெழுத்தும் செல்லாது.